கட்லாவுக்கு ஊசி, ஜிலேபிக்குத் தீனி

உக்கடம் மீன் மார்க்கெட்டில் அணை மீன் வேண்டும் என்று கேட்டால், முதலில் தூக்கிக் காட்டுவது பெரும்பாலும் கட்லாவாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே ரோகுவும் மிர்காலும் கிடக்கும். மூன்றுமே காவிரிக்குச் சொந்தமான கெண்டைகள் அல்ல, வடக்கத்திய ஆறுகளைச் சேர்ந்தவை. கட்லா மட்டும் கோதாவரி, கிருஷ்ணா வரை இறங்கி வந்திருக்கிறது. பவானிசாகரிலும் ஆழியாரிலும் அமராவதியிலும் இவை இன்று நீந்துகின்றன என்றால், யாரோ கொண்டுவந்து விட்டதால்தான்.

விட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. குளத்தில் விட்ட கட்லா நன்றாகத் தின்னும், கொழுக்கும், இரண்டு மூன்று வருஷத்தில் வயிறு புடைக்கச் சினை பிடிக்கும். முட்டை மட்டும் இடாது. ஆகவே அவிநாசிப் பக்கம் ஒரு பண்ணைக்குட்டையில் வளரும் கட்லாவின் தாய்க்கு ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு மழைக்கால மாலையில் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று துணிந்து சொல்லிவிடலாம்.

அதே தண்ணீரில் இதற்கு நேர் எதிரான மீன் ஒன்றும் இருக்கிறது. ஜிலேபியை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. ஐந்தாறு மாதக் குட்டியாக இருக்கும்போதே குடும்பம் நடத்தத் தொடங்கி, குளம் முழுக்கக் கை நீளம்கூட வளராத சந்ததியை நிரப்பிவிடும். கட்லா வளர்ப்பவருக்குக் கவலை மீன் பெருகவில்லையே என்று. ஜிலேபி வளர்ப்பவருக்குப் பெருகுகிறதே என்று. இரண்டுக்கும் மருந்து ஹார்மோன்தான். ஆனால் ஒன்றில் அது செய்வதும் மற்றொன்றில் செய்வதும் முற்றிலும் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல்தான் 'ஹார்மோன் மீன்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிப்போட்டுப் பயப்படுகிறோம்.

முதலில் கட்லா. சினை பிடிப்பதும் முட்டை இடுவதும் மீனின் உடம்பில் தனித்தனி வேலைகள். முதலாவது நிதானமாக, மாதக்கணக்கில் நடப்பது. மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனைச் சிறுகச் சிறுக இரத்தத்தில் விடும். அது சூலகத்தை எழுப்பும். எழுந்த சூலகம் ஈஸ்ட்ராடையாலைச் சுரக்கும். ஈஸ்ட்ராடையால் போய்ச் சேருமிடம் கல்லீரல். முட்டையின் மஞ்சள் கரு சூலகத்தில் உருவாவதாகத்தான் நம்மில் பலரும் நினைத்திருப்போம். அதற்கான புரதத்தைச் செய்து இரத்தத்தில் அனுப்பி வைப்பது கல்லீரல். முட்டைகள் அதை உறிஞ்சிப் பெருக்கின்றன. தீனியும் வெயிலும் சரியாக இருந்தால் குளத்திலேயே இந்த வேலை தடையில்லாமல் முடிந்துவிடும். வைகாசி வாக்கில் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒன்று முதல் இரண்டு லட்சம் வரை முட்டைகள் தயாராக நிற்கும்.

இரண்டாவது வேலை சில மணி நேரத்தில் முடிவது. அதற்கு பிட்யூட்டரி வேறொரு ஹார்மோனை, லூட்டினைசிங் ஹார்மோனை, ஒரேயடியாகக் கொட்ட வேண்டும். அது பாய்ந்ததும் முட்டையைச் சுற்றியிருக்கும் செல்கள் ஈஸ்ட்ராடையால் செய்வதை நிறுத்திவிட்டு, முட்டையை முதிரவைக்கும் இன்னொரு ஸ்டீராய்டைச் செய்யத் தொடங்கும். இந்த ஸ்டீராய்டு எது என்பதை ஜப்பானின் நாகஹாமா குழு 1985-ல் சால்மன் குடும்பத்து மீன் ஒன்றில் அடையாளம் கண்டது. முட்டையின் நடுவே இருந்த உட்கரு ஓரத்துக்கு நகரும், அதன் உறை கரையும், முட்டை தன் பையிலிருந்து கழன்று விழும். ஆண் மீனில் இதே நேரத்தில் விந்து நீர்த்துப் பெருகும்.

ஆற்றில் இந்த இரண்டாவது வேலைக்கான உத்தரவு வெள்ளத்தோடு வருகிறது. தென்மேற்குப் பருவமழையில் நீர் ஏறும், கலங்கும், குளிரும், வேகம் எடுக்கும், கரையோரப் பள்ளங்களை மூழ்கடிக்கும். இவற்றில் எது எவ்வளவு முக்கியம் என்று மீன் அறிஞர்கள் பல காலமாக வாதாடியிருக்கிறார்கள். மீனுக்கு அந்த வாதம் தேவைப்படுவதில்லை, எல்லாம் சேர்ந்து வந்தால் சரி. பவானி கூடுதுறையில் நாம் முளைப்பாரி விடுகிற அதே ஆடிப் பெருக்குதான் ஆற்றுக் கெண்டைகளுக்கும் முகூர்த்தம். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, பவானிசாகர் 1955-ல், அமராவதி 1957-ல். ஆறு எப்போது பெருக வேண்டும் என்பதை இப்போது பாசன அட்டவணையும் சேர்ந்து தீர்மானிக்கிறது. குளத்துக்கோ அந்த அட்டவணைகூடக் கிடையாது. உத்தரவு வராமலே ஆவணி, புரட்டாசி கடந்துபோனால், தாய் மீன் அத்தனை லட்சம் முட்டைகளையும் தன் உடம்புக்குள்ளேயே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

இதனால்தான் 1957 வரை நம் நாட்டில் மீன் குஞ்சு என்றால் பெரும்பாலும் ஆற்றில் வாரியதுதான். வங்கத்தில் வெள்ளக் காலத்தில் கரையோரம் நுண்ணிய வலை கட்டி, மிதந்து வருவதை அள்ளி, மண் பானைகளில் ரயிலேற்றுவார்கள். காற்றுப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வழி நெடுகப் பானையைக் குலுக்கிக்கொண்டே ஓர் ஆள் கூட வருவார். வாரியதில் எது கட்லா, எது குஞ்சு தின்னி என்று அந்த வயதில் பிரித்துப் பார்க்கவும் முடியாது. குளத்தில் விட்டவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தான் எதை வாங்கினோம் என்பது தெரியும்.

இதற்கு மாற்று, உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தது. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே பிட்யூட்டரியை ஆராய்ந்தவர். சர்க்கரை வளர்சிதைமாற்றத்தில் அந்தச் சுரப்பியின் பங்கைக் காட்டியதற்காக 1947-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் 1930-லேயே ஒரு மீனின் பிட்யூட்டரிச் சாற்றை இன்னொரு மீனுக்குச் செலுத்தி, அது குறைமாதத்தில் குட்டி போட்டதைக் கண்டிருந்தார். அண்டை நாடான பிரேசிலில் ரொடோல்ஃபோ ஃபான் இயெரிங் அதைக் கையில் எடுத்து, 1930-களின் நடுவில் வளர்ப்பு மீன்களை ஊசியால் முட்டையிட வைத்தார். அவர் வேலை செய்த இடம் பிரேசிலின் வடகிழக்கு. மழை பொய்க்கும் வறண்ட பூமி, வறட்சிக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள், அதில் மீன் வளர்த்து ஜனங்களுக்குச் சோறு போட முடியுமா என்ற கேள்வி. கொங்கு நாட்டுக்காரருக்கு இந்த வர்ணனையில் புரியாதது எதுவும் இல்லை.

இந்தியாவில் 1930-களின் பிற்பகுதியில் பஞ்சாபில் ஹமீத் கான் மிர்காலுக்கு விலங்குகளின் பிட்யூட்டரியைச் செலுத்திப் பார்த்தார். 1950-களின் நடுவில் பெங்களூரில் எல்.எஸ். ராமசாமியும் பி.ஐ. சுந்தரராஜும் தேளி மீனை இந்த வழியில் முட்டையிட வைத்தார்கள். ஆனால் சந்தைக்கு வேண்டிய பெரிய கெண்டைகள் மசியவில்லை. அதைச் சாதித்தவர் ஹீராலால் சௌத்ரி. 1957 ஜூலை 10 அன்று, ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில், கே.எச். அலிக்குஞ்ஞியுடன் சேர்ந்து அவர் கெண்டைகளை ஊசியால் முட்டையிட வைத்தார். சக மீன்களின் தலையிலிருந்து எடுத்த பிட்யூட்டரிதான் மருந்து. ஜூலை 10 இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினம். சௌத்ரி 2014 வரை வாழ்ந்தார். பசுமைப் புரட்சிக்கும் வெண்மைப் புரட்சிக்கும் பெயர் சொல்ல நம் பிள்ளைகளுக்கு ஆள் இருக்கிறார்கள். இவர் பெயரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கேட்டால் மௌனம்தான் பதிலாக வரும்.

சுரப்பி வைத்தியம் எளிமையாகத் தோன்றும், செய்வது கடினம். முதிர்ந்த மீனின் மண்டையோட்டைத் திறந்து மூளையைத் தூக்கினால் அடியில் ஒரு குழியில் சுரப்பி இருக்கும். எடை சில மில்லிகிராம். அதைத் தூய ஆல்கஹாலில் போட்டுப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது அரைத்துக் கரைத்துத் தெளிவை எடுக்க வேண்டும். தாய் மீனுக்கு முதல் ஊசி கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம். ஆறு மணி நேரம் கழித்து இரண்டாம் ஊசி, 5 முதல் 8 மில்லிகிராம். ஐந்து கிலோ கட்லாவுக்குக் கணக்குப் போட்டால் 35-லிருந்து 55 மில்லிகிராம் வரை போகும். அதற்குப் பல மீன் தலைகள் வேண்டும். அதோடு, எந்தப் பருவத்தில் இறந்த மீனின் சுரப்பி என்பதைப் பொறுத்து அதிலுள்ள ஹார்மோன் மாறும். முட்டையிட்டு ஓய்ந்த மீனின் சுரப்பியில் சரக்கே இருக்காது. எல்லாவற்றையும்விட, பிள்ளைத்தாய்ச்சியை ஒரே இரவில் இரண்டு தடவை வலை போட்டுப் பிடிக்க வேண்டும். செதில் உதிர்ந்து, மிரண்டு, முட்டையிடாமலே செத்த தாய்கள் எத்தனையோ.

இந்தச் சிக்கலை அவிழ்த்த கதையில்தான் நல்ல அறிவியல் இருக்கிறது. பிட்யூட்டரியே முதலாளி அல்ல, அதற்கு மேல் ஹைப்போதலாமஸ் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து வரும் பத்து அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு மூலக்கூறு சொன்னால்தான் பிட்யூட்டரி ஹார்மோனை விடும். பாலூட்டிகளில் இந்த மூலக்கூறின் அமைப்பை 1971-ல் கண்டறிந்த ஷாலி, கிய்யமென் ஆகியோருக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. சரி, இதையே செயற்கையாகச் செய்து மீனுக்குப் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். கெண்டைகளுக்குப் போட்டார்கள். பல நேரம் மீன் அசையவே இல்லை.

காரணத்தைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பீட்டர் குழு தங்கமீனில் கண்டுபிடித்தது. கெண்டைக் குடும்பத்தில் மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று விடு என்கிறது. மற்றொன்று, டோபமைன் வழியாக, விடாதே என்கிறது. ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்தால் திம்பம் மலையில் வண்டி ஏறுமா? சீனாவின் லின் ஹாவ்ரானும் பீட்டரும் சேர்ந்து, தூண்டும் மூலக்கூறோடு டோபமைனைத் தடுக்கும் மருந்தையும் கலந்து கொடுக்கும் முறையை 1988-ல் உருவாக்கினார்கள். இருவர் பெயரையும் ஒட்டி அதை 'லின்பே' முறை என்கிறார்கள். அந்த அடிப்படையில் வந்த ஓவாப்ரிம் என்ற கரைசல் அடுத்த சில ஆண்டுகளில் இந்தியக் குஞ்சுப் பொரிப்பகங்களை எட்டியது. பிறகு ஓவாடைடு போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளும் வந்தன.

அந்தச் சிறு பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது சுவாரசியம். ஒரு மில்லிலிட்டரில் சால்மன் மீனின் தூண்டு மூலக்கூறைச் சற்றே மாற்றிச் செய்த செயற்கை வடிவம் 20 மைக்ரோகிராம். இயற்கை வடிவத்தை இரத்தத்திலுள்ள நொதிகள் சில நிமிடங்களில் வெட்டிவிடும். ஓர் அமினோ அமிலத்தைத் திருப்பி வைத்ததால் இது தாக்குப்பிடிக்கிறது. கூடவே டாம்பெரிடோன் 10 மில்லிகிராம். ஆம், வாந்தி வந்தால் மெடிக்கலில் வாங்கி விழுங்குகிறோமே, அதே டாம்பெரிடோன். நமக்குத் தரும் மாத்திரையும் 10 மில்லிகிராம்தான். மூளைக்குள் எளிதில் நுழையாத மருந்து அது, ஆனால் மூளையின் காவல் வேலிக்கு வெளியே இருக்கும் பிட்யூட்டரியை எட்டிவிடும். தாய்க்குக் கிலோவுக்கு அரை மில்லி என்று வைத்தால், ஐந்து கிலோ கட்லாவுக்கு இரண்டரை மில்லி: தூண்டும் பொருள் 50 மைக்ரோகிராம், தடையை எடுக்கும் பொருள் 25 மில்லிகிராம். ஐந்நூறு மடங்கு வித்தியாசம். எடையை மட்டும் பார்த்தால், பாட்டிலில் அடைத்து விற்பது ஹார்மோன் என்பதைவிட வாந்தி மருந்து என்பதே பொருத்தம்.

முட்டையை உண்டாக்குவதும் முதிரவைப்பதும் மீனின் சொந்த ஹார்மோன்கள்தான். ஊசி வெளியிலிருந்து எதையும் கட்டுவதில்லை, ஏற்கனவே நிறைந்து நிற்கிற சுரப்பியைத் திறந்துவிடுகிறது. சினை பிடிக்காத மீனுக்கு எவ்வளவு போட்டாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே அனுபவமுள்ள பொரிப்பகக்காரர் ஊசியைவிட வயிற்றைத்தான் நம்புவார். தாயின் வயிறு மிருதுவாகி, பின்துவாரம் சிவந்து தடித்திருக்கிறதா, ஆணின் வயிற்றை லேசாக அழுத்தினால் வெள்ளைப் பால் வருகிறதா என்று பார்ப்பார். ஆணின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும், பெண்ணுக்கு வழவழப்பு.

டோபமைன் தடை மீனின் குறைபாடு என்று நினைத்துவிடக் கூடாது. கட்லா முட்டை ஒட்டாது, மிதக்கவும் முழுதாக மிதக்காது, ஓடும் நீரில் உருண்டுகொண்டே போக வேண்டிய சாதி. தேங்கிய குளத்தில் இட்டால் அடியில் படிந்து, சேற்றில் மூச்சு முட்டி அழியும். வெள்ளம் வராத ஆண்டில் முட்டையிடாமல் இருப்பதே அதற்குப் புத்திசாலித்தனம். பொரிப்பகங்களில் வட்டத் தொட்டி வைத்திருப்பதன் காரணமும் இதுதான். சீனர்கள் வகுத்த அந்த முறையில் தொட்டிச் சுவரில் சாய்வாகப் பதித்த குழாய்களிலிருந்து நீர் பீய்ச்சும், தொட்டி முழுக்க நீர் சுழலும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊசி போட்டுத் தொட்டியில் விட்டால், நள்ளிரவு தாண்டி ஆண்கள் துரத்த ஆரம்பிக்கும். விடிவதற்குள் முட்டை. அவற்றை இன்னொரு வட்டத் தொட்டிக்கு மாற்றிச் சுழலவிட்டால், 28 டிகிரி வெப்பத்தில் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். மூன்று நாள் மஞ்சள் கருவில் வாழும். நான்காம் நாள் வாய் திறந்து தீனி கேட்கும். கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரியும் இந்த நிலையில்தான் பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்து நாற்றங்கால் குளங்களுக்கு அனுப்புகிறார்கள்.

கடல் மீனும் இதே வழிக்கு வந்துவிட்டது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைச் சிறைக்குள் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. மண்டபத்தில் 2010-ல் கடல் விரால் என்னும் கோபியா. கொங்குக்குக் கடல் தூரம், ஆகவே இங்கேயே திரும்பிவிடுவோம்.

அமராவதிக்கு. இந்த அணையும் ஜிலேபியும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. ஏழைக்கு மலிவான புரதம் என்று வரவேற்றார்கள். ஏழு ஆண்டுக்குள், 1959-ல், இதை இனிப் பரப்ப வேண்டாம் என்று மத்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு முடிவெடுத்தது. அதற்குள் அது பரவி முடிந்திருந்தது. அமராவதி நீர்த்தேக்கத்தில் கெண்டைகளை ஓரங்கட்டிவிட்டு இது ஆதிக்கம் செலுத்தியதை இந்திய நீர்த்தேக்க மீன்வளம் பற்றிய நூல்கள் தவறாமல் சொல்கின்றன. கோவையின் குளங்களிலும் இதன் ராஜ்ஜியம்தான்.

வெற்றிக்குக் காரணம் வளர்ப்பு முறை. கட்லா லட்சக்கணக்கில் இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும். ஜிலேபித் தாய் சில நூறு முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகும் ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்ளும். அடைகாக்கும் நாளில் தாய் சரியாகத் தின்னாது, தின்பதும் அடுத்த முட்டைக்கே போகும். ஆகவே பெண் வளராது, ஆண்தான் வளரும். குளத்தில் எல்லாமே ஆணாக இருந்துவிட்டால்? குஞ்சும் பெருகாது, எடையும் கூடும்.

இங்கேதான் இரண்டாவது ஹார்மோன் வருகிறது. மீனின் ஆண்–பெண் நிர்ணயம் நம்முடையதைப் போலக் கருவிலேயே உறுதியாகிவிடுவதில்லை. ஜப்பானின் யாமமோட்டோ 1953-லேயே மெடாகா என்ற சிறு மீனில், மரபணுப்படி ஆணாக வேண்டிய குஞ்சுக்குப் பெண் ஹார்மோன் ஊட்டி, முட்டையிடும் பெண்ணாகவே மாற்றிக் காட்டினார். ஜிலேபிக் குஞ்சின் பாலுறுப்பு முதல் சில வாரங்களுக்கு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். உடம்பில் அரோமட்டேஸ் என்ற நொதி வேலை செய்து ஈஸ்ட்ரோஜன் ஏறினால் சூலகம், இல்லாவிட்டால் விந்தகம். நீர் மிகவும் சூடானால்கூடப் பல குஞ்சுகள் ஆண் பக்கம் சாயும். இந்த வாரங்களில் மெத்தில் டெஸ்டோஸ்டிரோனை ஆல்கஹாலில் கரைத்து, கிலோ தீனிக்கு 60 மில்லிகிராம் என்ற கணக்கில் தெளித்து உலர்த்தி, மூன்று நான்கு வாரம் ஊட்டினால், பெண்ணாக வேண்டியவையும் ஆணாகிவிடும். சரியாகச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண்.

நம் பண்ணைகளுக்கு இப்போது வருவது மொசாம்பிக் ஜிலேபி அல்ல. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில், நைல் ஜிலேபியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய 'கிஃப்ட்' வகை. பதிவு செய்த பண்ணைகளில், ஆண் மட்டுமாகவோ மலடாகவோ உள்ள குஞ்சு, வெளியே தப்பாதபடி வலைத் தடுப்பு என்று நிபந்தனைகளோடு அனுமதி உண்டு.

"ஏனுங்க, ஹார்மோன் குடுத்த மீனுங்கறாங்களே, குழந்தைகளுக்குக் குடுக்கலாங்களா?" இந்தக் கேள்வியை மீன் கடையில் யாராவது கேட்காத ஞாயிற்றுக்கிழமை இருக்காது. பதிலைக் கணக்காகவே சொல்லலாம். கட்லாவில் ஊசி போடுவது தாய்க்கு, நாம் தின்பது அதன் பிள்ளைகளை. அந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஹார்மோனும் தருவதில்லை. ஜிலேபியில் நாம் தின்னும் மீனே அந்தத் தீனியைத் தின்றதுதான். ஆனால் அந்த வாரங்களில் ஒரு குஞ்சு தின்னும் மொத்தத் தீனி ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும். அப்படியென்றால் உள்ளே போன மருந்து சுமார் 60 மைக்ரோகிராம், அதிலும் பெரும்பகுதி சில நாட்களிலேயே வெளியேறிவிடும். அதன் பிறகு ஐந்தாறு மாதம் சாதாரணத் தீனியில் வளர்ந்து, அரைக் கிலோ ஆகித்தான் சந்தைக்கு வருகிறது. தட்டில் இருக்கும் மீனைப் பற்றி எனக்குப் பயமில்லை.

பயம் வேறு இடத்தில். அந்தத் தீனியைக் கையால் பிசைகிறவர் யார்? மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கல்லீரலைப் பாதிக்கக் கூடியது, கருவிலிருக்கும் பெண் குழந்தையைப் பாதிக்கக் கூடியது. குஞ்சுக்கு மைக்ரோகிராம், பிசைபவர் கையில் பொடியாகவே ஒட்டும். கையுறை, முகக்கவசம், கர்ப்பிணிகளை அந்த வேலையில் வைக்காதது என்று மூன்று விதிகளையும் எத்தனை இடத்தில் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்பதே சரியான கேள்வி. அடுத்தது, குஞ்சுத் தொட்டியின் கழிவுநீர். தின்னாமல் போன தீனியிலிருக்கும் மருந்து சேற்றில் தங்கக் கூடியது. அதை நேரே ஓடையில் திறந்துவிட்டால், கீழே வாழும் மீன்களுக்கும் அந்த மருந்து போய்ச் சேரும். இதைத் தவிர்க்க இன்னொரு வழியும் இருக்கிறது: மரபணுச் சேர்க்கையை மாற்றி, எந்தப் பெண்ணோடு சேர்ந்தாலும் ஆண் குஞ்சே பிறக்கும் 'சூப்பர் ஆண்' ஜிலேபிகளை உருவாக்குவது. இதில் ஹார்மோன் பாட்டன் தலைமுறையோடு நின்றுவிடும். விலையும் உழைப்பும் அதிகம் என்பதால் பரவலாகவில்லை.

கட்லா ஊசியிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் மீன் கடையில் கேட்பதில்லை. ஒரே தாய் லட்சக்கணக்கில் குஞ்சு தருவதால், பொரிப்பகக்காரர் நாலைந்து ஜோடிகளை வைத்தே ஒரு தாலுகாவுக்குக் குஞ்சு கொடுத்துவிடலாம். அந்தக் குஞ்சுகளில் சிலவற்றையே அடுத்த தாய்களாக நிறுத்தினால், சில தலைமுறையில் அண்ணன் தங்கைகளுக்குள்ளேயே கலியாணம். வளர்ச்சி குறையும், நோய் தாங்காது, ஊனம் கூடும். இன்னொன்று, தொட்டி மிச்சம் என்று கட்லாவையும் ரோகுவையும் ஒரே வட்டத் தொட்டியில் ஊசி போட்டு விடுவது. சுழலும் நீரில் யார் விந்து யார் முட்டையில் சேர்ந்தது என்று தெரியாது. கலப்பினம் பிறக்கும், அது முட்டையும் இடும், பரம்பரை கலங்கும். வெள்ளம் நாலாயிரம் ஜோடியைக் கூட்டிய இடத்தில் நாம் நாலு ஜோடியை வைத்திருக்கிறோம்.

யார் யாரோடு சேர வேண்டும் என்பது கைக்குள் வந்ததால் நல்லதும் நடந்திருக்கிறது. புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நார்வே ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 1992-ல் ரோகுவைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கத் தொடங்கியது. ஐந்து ஆறுகளிலிருந்து பிடித்த ரோகுகளையும் பண்ணை ரோகுவையும் கலந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் வளர்ச்சி சராசரியாக 17 சதவீதம் கூடியது. சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி அதற்கு 'ஜெயந்தி ரோகு' என்று பெயர் வைத்தார்கள். ஊசி இல்லாமல் இந்தத் தேர்வைச் செய்திருக்கவே முடியாது. ஆகவே கொங்கு விவசாயி குஞ்சு வாங்கும்போது கேட்க வேண்டியது எந்தக் கம்பெனி மருந்து போட்டீர்கள் என்பதல்ல, தாய் மீன்களைக் கடைசியாக எப்போது, எங்கிருந்து மாற்றினீர்கள் என்பது.

காவிரியின் சொந்தக் கெண்டைகளும் இதே ஊசிக்கு இணங்குகின்றன. சேல் கெண்டையைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறை கையில் இருக்கிறது. வெளியூர் மூவரையே விட்டுக்கொண்டிருக்கும் அணைகளில் இவற்றுக்கும் பங்கு கொடுப்பது கடினமான அறிவியல் அல்ல, சந்தை எடையைப் பார்க்கும் மனசுதான் மாற வேண்டும்.

மோயாற்று மகசீர் விஷயம் அவ்வளவு எளிதல்ல. முதுமலைக்காட்டைத் தாண்டி பவானிசாகரில் வந்து சேரும் அந்த ஆறு, திமில் மகசீர் இன்னும் மிஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று. காவிரி அமைப்பில் மட்டுமே வாழும் இந்தப் பெரிய மீன், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் 2018 முதல் அழிவின் விளிம்பில் இருக்கிறது. காவிரியில் இது குறைந்ததற்கு ஆராய்ச்சியாளர்கள் காட்டும் காரணங்களில் ஒன்று பொரிப்பகம்: மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பெருக்கிய நீலத்துடுப்பு மகசீரை, காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்தில், பல ஆண்டுகள் காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது ஒதுங்கியது. இப்போது திமில் மகசீரையே பொரிப்பகத்தில் பெருக்கலாமே என்றால், மகசீர் கட்லாவைப் போல லட்சங்களில் இடுவதில்லை. கிலோவுக்குச் சில ஆயிரம்தான், அதுவும் தவணை தவணையாக முதிரும். ஒரு தொகுதிக்கு ஊசி சரியாக விழுந்தால் அடுத்த தொகுதிக்குத் தவறும். முதலில் தாய் மீன்கள் வேண்டும், அவற்றை எஞ்சியிருக்கும் சிறு கூட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மோயாற்றின் நீரோட்டமோ மேலேயுள்ள பைக்காரா, மோயாறு மின்நிலையங்கள் எப்போது எவ்வளவு தண்ணீர் விடுகின்றன என்பதைப் பொறுத்தது. பருவமழைக் காலத்தில் அந்தத் திறப்பை மீனின் நாட்காட்டியோடு ஒத்துப்போக வைக்க முடிந்தால், டாம்பெரிடோன் இல்லாமலே அந்த மீனின் மூளைக்கு உத்தரவு போய்ச் சேரும்.